தொண்ணூறாம் நாள்

எங்கள் உரக்களத்தில் ஆறு தொட்டிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றின் முன்பலகையிலும் கரிக்கட்டியால் ஒரு தேதி எழுதியிருக்கும். அந்தத் தொட்டியில் கடைசிக் கூடை காய்க்கழிவு விழுந்த நாள் அது. அன்றிலிருந்து தொண்ணூறு நாளுக்குள் தொட்டியின் தரை தெரிய வேண்டும். ஊரில் நோம்பி, அடைமழை, ஆள் வரவில்லை, உரம் கேட்டவர் வண்டி அனுப்பவில்லை என்று எதற்காகவும் அந்த நாளை நான் தள்ளிப் போடுவதில்லை. விற்காவிட்டாலும் அள்ளிச் சலித்து, சாக்கில் கட்டி அடுக்கிவிடுவேன். புதிதாக வேலைக்கு வரும் பெண்களுக்கு இது வீண் பிடிவாதமாகத் தெரியும். அவர்களிடம் முதல் நாளே சொல்லிவிடுவேன்: தேதி எழுதத் தெரியாத காலத்தில் நான் போட்ட குழியால் பக்கத்துத் தோப்பில் பதினோரு தென்னம்பிள்ளை செத்தது.

திருப்பூரில் பனியன் கம்பெனி ஒன்றில் செக்கிங் பிரிவில் ஆறு வருஷம் நின்றவள் நான். கல்யாணம் ஆகி மடத்துக்குளம் வந்தேன். இந்தப் பக்கம் நூல் மில்கள் உண்டு. வெளியூர்ப் பெண்கள் தங்கி வேலை செய்யும் விடுதிகளும் உண்டு. அப்படி ஒரு விடுதியின் சமையலறையில் காய் நறுக்கும் வேலை கிடைத்தது. நானூறு பேருக்குச் சமையல். வெங்காயத் தோல், கீரைத் தண்டு, முட்டைக்கோஸின் மேல் இலை, வாழைப்பூ மடல், முருங்கை ஈர்க்கு என்று நாளொன்றுக்கு இருபது கிலோ கழிவு சேரும். வாழைத்தண்டு நாளில் அது முப்பதாகும். அத்தனையும் பாலித்தீன் பையோடு சாலையோரப் பள்ளத்துக்குப் போகும். மாடுகள் பையோடு மெல்லும். அதைப் பார்த்துப் பொறுக்காமல்தான், "எனக்குக் கொடுத்துடுங்க, நான் எடுத்துட்டுப் போறேன்" என்று கேட்டு வாங்கினேன். தொழிலாகும் என்ற எண்ணம் அன்று இல்லை.

வீட்டுக்குப் பின்னால் பத்தடி நீளம், ஐந்தடி அகலம், மூன்றடி ஆழத்தில் ஒரு குழி வெட்டினோம். தாராபுரம் பக்கத்து மேட்டாங்காட்டில் என் அம்மாவைப் பெற்ற அமுச்சி வீட்டு எருக்குழி அப்படித்தான் இருக்கும். சாணி, கூளம், அடுப்புச் சாம்பல், காய்த்தோல் எல்லாம் வருஷம் முழுக்க அதில் விழும். கோடையில் ஒரு தடவை வண்டி கட்டி அள்ளிக் காட்டில் சிதறுவார்கள். மழை பெய்ததும் சோளமும் கம்பும் விதைப்பார்கள். நான் சின்ன வயதில் பார்த்த முறை அது. அதையே இங்கும் செய்தேன். இரண்டு வருஷம் பக்கத்து வீட்டாரெல்லாம் உரம் கேட்டு வாங்கிப் போனார்கள். கத்தரிச் செடி காய்த்துக் குலுங்கியது என்றார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

மூன்றாம் வருஷம் ஆவணி மாதக் காலையில் பக்கத்துத் தோப்புப் பெரியவர் வேலியோரம் வந்து நின்றார். உறவு முறையில் எனக்குப் பெரியப்பா ஆக வேண்டும். கையில் ஒரு தென்னங்குருத்து. விரித்துக் காட்டினார். கத்தரிக்கோலால் விசிறி வெட்டினதுபோல ஓலை இரண்டு பக்கமும் முக்கோணமாக நறுக்கியிருந்தது.

"அம்மிணி, உன்ற குழியை ஒருக்கா வெட்டிப் பார்க்கலாமா?" என்றார். கோபம் இல்லை அவர் குரலில். அதுதான் என்னை அதிகம் பயமுறுத்தியது.

மண்வெட்டி ஓரடி இறங்கியதுமே தெரிந்துவிட்டது. கட்டைவிரல் தடிமனில், வெள்ளை வெளேரென்று, பழுப்புத் தலையோடு, அரைவட்டமாகச் சுருண்ட புழுக்கள். ஒரு கூடை மண்ணில் ஏழெட்டு. அடியில் இன்னும் இருந்தன. சில கூட்டுப்புழுவாக மாறிக் காத்திருந்தன. இரண்டு வண்டுகள் கொம்போடு எழுந்து வந்தன. காண்டாமிருக வண்டு. எங்கள் ஊரில் கொம்பு வண்டு என்போம்.

இந்த வண்டின் வாழ்க்கை இரண்டு இடத்தில் நடக்கிறது. வளர்ந்த வண்டு தென்னையின் குருத்தைத் துளைத்துச் சாற்றை உறிஞ்சும். சக்கையை வெளியே தள்ளும். பெரிய மரம் அந்த வெட்டைத் தாங்கிவிடும். இரண்டு மூன்று வயதுப் பிள்ளைக்குக் குருத்து போனால் உயிரே போனது. துளைத்த காயத்தில் சிவப்புக் கூன்வண்டு முட்டையிட்டால் பெரிய மரத்துக்கும் ஆபத்து. முட்டையிடவோ காண்டாமிருக வண்டு மரத்தைத் தேடாது. மக்கிய எருக்குழி, செத்த தென்னந்தடி, ஆடாமல் அசையாமல் கிடக்கும் குப்பை ஆகியவைதான் அதற்குப் பிரசவ அறை. என் குழி அதற்காகவே வெட்டியதுபோல இருந்தது.

அமுச்சியின் குழி ஏன் அப்படிக் கெடுக்கவில்லை என்று அன்றிரவு வெகுநேரம் யோசித்தேன். அவர்களுடையது வானம் பார்த்த பூமி. சுற்றுவட்டாரத்தில் தென்னையே கம்மி. புழு வளர்ந்து வண்டானாலும் போய்க் கடிக்க அதற்கு மரம் இல்லை. மடத்துக்குளம் அப்படிப்பட்ட ஊர் இல்லை. அமராவதி ஆற்றோரம். காமராஜர் முதல்வராக இருந்த காலத்தில் மேலே அணை எழும்பியதற்கு வெகுகாலம் முன்பே குமரலிங்கம், கொழுமம், கணியூர், காரத்தொழுவு என்று ராஜவாய்க்கால் தண்ணீர் பாய்ந்த வயல்கள் இங்கே உண்டு. நெல்லும் கரும்பும் நின்ற இடத்தில் இன்று எங்கு பார்த்தாலும் தென்னை. மேட்டாங்காட்டின் பழக்கத்தை நான் தோப்புக்கு நடுவில் கொண்டுவந்து வைத்துவிட்டேன். முறை ஒன்றுதான். மண்ணும் மரமும் மாறியதைக் கவனிக்காதது என் தவறு.

மறுநாளே குழியை மூடிவிட நினைத்தேன். பெரியப்பாதான் தடுத்தார். "மூடிட்டா அந்தக் குப்பை மறுபடியும் ரோட்டுக்குத்தான் போகும். புழு வராம போடறதுக்கு வழி இருக்கும், கேட்டுப் பாரு கண்ணு." வேளாண்மைத் துறை அலுவலர் ஒருவரைத் தேடிப் போனேன். அவர் ஒரு தாளில் மூன்று எண்களை எழுதித் தந்தார். முட்டை பொரிக்க 8 முதல் 18 நாள். புழுப் பருவம் 99 முதல் 182 நாள். கூட்டுப்புழு 10 முதல் 25 நாள். "இதுக்குள்ள பதில் இருக்குங்க" என்றார். வீட்டுக்கு வந்து கூட்டிப் பார்த்தேன். எவ்வளவு வேகமாக வளர்ந்தாலும் முட்டையிலிருந்து வண்டாக 117 நாள் வேண்டும். என் குழியோ முந்நூறு நாளுக்கு மேல் அசையாமல் கிடந்தது. அந்த 117 நாளுக்கு முன்பே குப்பையை அள்ளிக் காலி செய்துவிட்டால் அந்த வண்டுக்கு என் களத்தில் தலைமுறை கிடையாது. இந்தத் தொழிலில் நான் கற்றதில் இதற்கு மேல் பெரிய பாடம் இல்லை.

நிரப்ப ஆகும் நாளையும் கழித்துத் தொண்ணூறு நாள் என்று வைத்துக்கொண்டேன். அதற்குள் குப்பை மக்குமா என்ற சந்தேகம் இருந்தது. அதற்கும் நம் நாட்டிலேயே பழைய பதில் உண்டு. ஆல்பர்ட் ஹோவர்டு என்ற ஆங்கிலேய விஞ்ஞானி 1924 முதல் 1931 வரை இந்தூரில் ஆராய்ச்சி நிலையம் நடத்தினார். யஷ்வந்த் வாட் என்ற இந்திய உதவியாளரோடு சேர்ந்து அவர் வகுத்ததுதான் இந்தூர் முறை. பச்சையும் காய்ந்ததும் சாணியும் கலந்து அடுக்குவது, மூன்று தடவை புரட்டுவது, மூன்று மாதத்தில் உரமாக்குவது. நம் விவசாயிகளையும் பயிரைத் தின்னும் பூச்சிகளையும் தனக்குப் பாடம் நடத்திய பேராசிரியர்கள் என்று எழுதியவர் அவர். எனக்கும் ஒரு வெள்ளைப் புழுதான் பேராசிரியராக வந்தது.

குழியை விட்டுவிட்டுத் தரைக்கு மேலே தொட்டி கட்டினோம். ஹாலோ பிளாக் கல், இடையிடையே காற்றுக்கு இடைவெளி. எட்டடி நீளம், நாலடி அகலம், நாலடி உயரம். முன்பக்கம் மட்டும் கழற்றி மாட்டும் பலகை. அடியில் சிமென்ட் தரை. அதன் சரிவு ஒரு வாளிக்குள் வடியும். விடுதிக் கழிவோடு வாரச்சந்தைக் கழிவும் சேர்ந்ததால் ஒரு தொட்டி நிரம்பப் பதினெட்டு நாள் ஆகிறது. ஆறு தொட்டி சுற்றி முடிக்க நூற்றெட்டு நாள். முதல் கூடை விழுந்த அன்றே ஒரு வண்டு முட்டையிட்டுவிட்டாலும் கணக்கில் அது தோற்றுவிடும்.

ஒரு கூடை பச்சைக் கழிவுக்கு இரண்டு கூடை காய்ந்தது. இந்த அளவை மட்டும் கண்ணால் மதிப்பிடாமல் கூடையால் அளந்தே போடுவோம். காய்த்தோலில் தண்ணீரும் தழைச்சத்தும் அதிகம். தனியாகக் குவித்தால் இரண்டே நாளில் கொழகொழத்து நாறும். காய்ந்ததில் கரிச்சத்து அதிகம். இரண்டும் சேர்ந்து கரிச்சத்து முப்பது பங்கு, தழைச்சத்து ஒரு பங்கு என்ற நிலைக்குப் பக்கத்தில் வந்தால் நுண்ணுயிர்கள் உற்சாகமாக வேலை செய்யும். காய்ந்ததற்கு எங்கள் ஊரில் பஞ்சமே இல்லை. கரும்புக் காடுகளின் சோகை, தென்னை மட்டையும் ஓலையும் நறுக்கியது, கயிறு ஆலைகளின் மஞ்சித் தூள். மஞ்சித் தூளில் ஒரு பங்கு தழைச்சத்துக்கு நூறு பங்குக்கு மேல் கரிச்சத்து இருக்கிறது. தன் எடையைப்போலப் பல மடங்கு தண்ணீரையும் குடிக்கும். அதனால் தக்காளி, பூசணிக் கழிவு வரும் நாளில் மஞ்சித் தூள். கீரைத்தண்டு நாளில் காற்றோட்டத்துக்குச் சோகை.

நாலடி உயரக் குவியல் சரியான ஈரத்தோடு நின்றால் மூன்றாம் நாளே உள்ளே கொதிக்கும். என்னிடம் வெப்பமானி வெகுகாலம் கிடையாது. ஒரு நீண்ட இரும்புக் கம்பியை நடுவில் செருகி ஐந்து நிமிஷம் கழித்து உருவிப் பிடிப்பேன். கை சுட்டு விட்டுவிட்டால் சரி. பிடித்துக்கொண்டே நிற்க முடிந்தால் ஏதோ குறை. பின்னாளில் வெப்பமானி வைத்துப் பார்த்தபோது கை விடும் சூடு 55 டிகிரிக்கு மேலே இருந்தது. அந்தச் சூடு மூன்று நாள் நிலைத்தால் தக்காளி விதையும், களை விதையும், ஈயின் முட்டையும் உயிரோடு தப்பாது. ஓரத்தில் இருப்பது மட்டும் சூடு படாமல் தப்பிக்கும். புரட்டுவது அதற்குத்தான். கடைசிக் கூடையிலிருந்து பதினைந்தாம் நாள், முப்பதாம் நாள், அறுபதாம் நாள் என மூன்று புரட்டு. வெளியில் இருந்தது உள்ளே போக வேண்டும். அடியில் இருந்தது மேலே வர வேண்டும். புரட்டும் நாளில் கோழிகளை அவிழ்த்து விடுவோம். ஒரு புழு தப்பாது.

இத்தனை வருஷத்தில் எனக்குப் பழகிப்போன ஒன்று உண்டு. குவியலுக்கு வரும் ஒவ்வொரு பூச்சியும் நான் செய்யாமல் விட்ட ஒரு வேலையைச் சொல்லும். எறும்பு சாரை போட்டால் குவியல் காய்ந்துவிட்டது என்று அர்த்தம். ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று இங்கே இரவு பகலாக வீசும். சுற்றிலும் காற்றாலைகள் நிற்பது அதனால்தான். அந்த மாதங்களில் ஒரே நாளில் மேல் அரையடி உலர்ந்துவிடும். சாணிக் கரைசல் தெளித்து ஈரச்சாக்கு போட்டால் எறும்பு தானாகப் போய்விடும். ஒரு கைப்பிடி எடுத்து இறுக்கிப் பிழிந்தால் விரலிடுக்கில் ஒன்றிரண்டு சொட்டு நிற்க வேண்டும். அதுதான் ஈரப்பதம்.

வீட்டு ஈ மொய்த்தால் அன்றைய கழிவு திறந்து கிடக்கிறது. கூடையைக் கொட்டிய கையோடு காய்ந்த தூள் போட்டு மூடவேண்டும். நாற்றமும் கூடவே வந்தால் தண்ணீர் மிகுந்து காற்று போகவில்லை. சோகை கலந்து கிளறினால் அடங்கும்.

எலியும் பெருச்சாளியும் வந்தால் யாரோ சோறு போட்டிருக்கிறார்கள். காய்த்தோலுக்கு எலி அவ்வளவாக வராது. சோறு, எண்ணெய், குழம்பு, எலும்பு என்றால் எங்கிருந்தாலும் வந்துவிடும். எலியின் பின்னால் சாரைப்பாம்பு வரும், சமயத்தில் நல்லபாம்பும் வரும். அதனால் விடுதியில் இரண்டு வாளி வைத்தோம். பச்சைக் கழிவு ஒன்று. சாப்பிட்ட மிச்சம் இன்னொன்று. மிச்சம் மாட்டுக்காரரின் கழுநீர்த் தொட்டிக்குப் போகும். தொட்டியின் காற்றிடைவெளிகளில் கால் அங்குலக் கம்பி வலை அடித்திருக்கிறோம். மேலே வைத்த வலைச்சட்டம் மயிலுக்கு. புழு தேடிக் குவியலைக் கிளறி முற்றம் முழுக்க இறைத்துவிடும். கொங்கு நாட்டில் மயில் படுத்தும் பாடு விவசாயம் செய்கிறவர்களுக்குத் தெரியும்.

காய்க்குள்ளேயே ஒளிந்து வருகிற பூச்சிகளிடம்தான் அதிகக் கவனம் வேண்டும். சொத்தைக் கத்தரிக்காயில் காய்த்துளைப்பான் புழு இருக்கும். நுனி அழுகிய பீர்க்கு, புடலை, பாகலில் பழ ஈயின் புழு இருக்கும். அது காயை விட்டு வெளியேறி மண்ணுக்குள் கூடு கட்டி, ஈயாகி அதே பந்தலுக்குத் திரும்பும். இப்படிப்பட்ட காய்களை நறுக்கும் பெண்களே தனிப் பையில் போட்டுவிடுவார்கள். கறுப்புப் பாலித்தீன் பையில் இறுக்கிக் கட்டி ஒரு வாரம் மொட்டை வெயிலில் கிடத்துவோம். உள்ளே இருப்பதெல்லாம் வெந்த பிறகுதான் அது தொட்டிக்குப் போகும்.

எல்லாப் புழுவும் எதிரி இல்லை. இதைத் தெரியாமல் நல்லவர்களையும் கொன்றிருக்கிறேன். சாம்பல் கலந்த பழுப்பில், தட்டையாக, வரிவரியாகக் கூட்டம் கூட்டமாக நெளிவது கறுப்புச் சிப்பாய் ஈயின் புழு. அதன் தாய் ஈ கடிக்காது, நம் சாப்பாட்டில் உட்காராது. புழுவோ காய்க்கழிவை நம் கண்முன்னே தின்று தீர்க்கும். அது நிறைந்த இடத்தில் வீட்டு ஈ குறையும். ரயில் பூச்சியும் மண்புழுவும் சூடு தணிந்தபின் வந்து மிச்ச வேலையை முடிக்கும். பயப்பட வேண்டியது வெள்ளையாக, தடித்து, அரைவட்டமாகச் சுருண்டு படுத்திருப்பதற்கு மட்டும். தோப்புக்கு நடுவில் களம் வைத்திருப்பவர்கள் அதற்கென்று இன்னொரு காவலும் வைக்கலாம். மெட்டாரைசியம் என்ற பச்சைப் பூஞ்சையைத் தண்ணீரில் கரைத்து, சூடு தணிந்த ஈரக் குவியலில் தெளித்தால் அது புழுவின் தோலில் முளைத்து உள்ளே இறங்கும். செத்த புழு விறைத்து, மேலே பச்சை மாவு பூத்துக் கிடக்கும். கொதிக்கிற குவியலில் தெளித்தால் பூஞ்சைதான் சாகும். நான் அறுபதாம் நாள் புரட்டோடு தெளிக்கிறேன்.

வீட்டில் நாலு தொட்டிச் செடி வைத்திருக்கிறவர்களும் என்னிடம் கேட்பார்கள். நாளுக்கு அரைக் கிலோ கழிவில் சூடு எழும்பாது. அதனால் அங்கே அடைப்புதான் காவல். பக்கத்தில் துளை போட்ட இரண்டு மண்பானை போதும். அடியில் மூன்று விரல் உயரம் மஞ்சித் தூள். காய்த்தோலைச் சின்னதாக நறுக்கிப் போட்டு அதைப்போல் இரண்டு பங்கு சருகு. சொத்தைக் காய் அதற்குள் போகவே கூடாது. பானையை மூன்று செங்கல் மேல் வைத்து, செங்கல்லைத் தண்ணீர்த் தட்டில் நிறுத்தினால் எறும்பு ஏறாது. வாயில் இரண்டு மடிப்புப் பனியன் துணி கட்டுங்கள். நான் செக்கிங்கில் ஆறு வருஷம் விரலால் தடவிப் பார்த்த துணி அது. காற்று போகும், பழக் கொசு நுழையாது. திருப்பூரில் வேஸ்ட் துணியாகக் கிலோக் கணக்கில் கிடைக்கிறது. சுத்தப் பருத்தி சில மாதத்தில் நைந்துவிடும், பாலியஸ்டர் கலந்தது தாங்கும். ஒரு பானை நிறைந்ததும் தேதி எழுதி ஒதுக்கிவிட்டு அடுத்ததை எடுங்கள்.

செத்துப்போன பதினோரு பிள்ளைக்கும் அடுத்த வருஷம் நான் கன்று வாங்கிக் கொடுத்தேன். பெரியப்பா வேண்டாம் என்றார், நான் கேட்கவில்லை. அவருடைய தோப்பில் ஆமணக்குப் புண்ணாக்கு ஒரு கிலோவை ஐந்து லிட்டர் தண்ணீரில் ஊறவைத்த பானைகளை அங்கங்கே புதைத்தோம். வாசனைக்கு வந்து விழுந்த வண்டுகளைத் தினமும் காலையில் நான்தான் போய் எடுத்தேன். குருத்திடுக்குகளில் வேப்பங்கொட்டைத் தூளை மணலோடு கலந்து வைத்தோம். இரண்டாவது வருஷம் பானையில் விழுவது வெகுவாகக் குறைந்தது. புதுக் கன்றுகளின் ஓலை வெட்டில்லாமல் முழுசாக விரிந்தபோது தினமும் போய் நின்று பார்த்துவிட்டு வருவேன்.

போன தை மாதம் ஒரு சாயங்காலம் அவர் தோப்பு வழியாக நடந்து வந்தேன். அவருடைய மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால் அப்பா காலத்து எருக்குழி ஒன்று உண்டு. வருஷத்துக்கு ஒரு தடவை அள்ளும் குழி. அதைப் பற்றி நான் வாய் திறந்ததில்லை. குழி பாதியாகப் பிரிந்திருந்தது, நடுவில் ஒரு தடுப்புச் சுவர் புதிதாக எழும்பியிருந்தது. ஒரு பாதி காலி. இன்னொரு பாதியின் ஓரத்தில் நட்ட கல்லில் கரிக்கட்டியால் தேதி எழுதியிருந்தது. கோணல் மாணலான எழுத்து. பக்கத்தில் போய் எண்ணிப் பார்த்தேன். எழுபத்தெட்டு நாள் ஆகியிருந்தது. இன்னும் பன்னிரண்டு நாள் இருந்தது.